கட்டுரை வருவதற்குள்

2010-இல் ஒன்றுபட்ட ஆந்திர அரசு எட்டு மாவட்டங்களில் கைரேகை வைக்கும் ஸ்மார்ட் கார்டைக் கொண்டுவந்தது. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் பென்ஷனும் உரியவர் கைக்கே போகட்டும் என்று ஹைதராபாத் நினைத்தது. போகிறதா? கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் 157 மண்டலங்களில் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். அங்கே வசித்தவர்கள் ஏறத்தாழ 1.9 கோடி. கூலி சீக்கிரம் வந்தது, வழியில் கசிவதும் குறைந்தது. அதிகாரிக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான்.

ஆய்விதழ் ஒரு வரியில் திருப்திப்படுமா? நடுவர் கேட்பார், பதில் எழுத வேண்டும், பின்னிணைப்புக்கும் பின்னிணைப்பு வேண்டும். முன்வரைவு 2014 மார்ச்சிலேயே வெளியானது. நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் அச்சேறியது 2016 அக்டோபரில். இடையே, 2014 ஜூன் 2 அன்று, மாநிலமே ஆந்திரம், தெலங்கானா என இரண்டாகியிருந்தது. அத்தோடு விட்டதா? கட்டுரை வந்த அதே அக்டோபரில், 11-ஆம் தேதி, தெலங்கானா தன் 10 மாவட்டங்களை 31 ஆக்கியது. ஆய்வில் இருந்த அடிலாபாத், நல்கொண்டா, கம்மம் மூன்றும் துண்டாயின. எந்த நடுவரும் இவ்வளவு பெரிய திருத்தம் கேட்டிருக்க மாட்டார்.

சரி, இனி இரண்டு பக்கச் சுருக்கம், வண்ணப் படத்தோடு. அதை ஹைதராபாத்தில், இப்போது தெலங்கானாவுடையதாகிவிட்ட தலைமைச் செயலகத்துக்கு எடுத்துப் போனால், ஆர்வமாகக் கேட்ட செயலாளர் கால்நடைத் துறைக்கு மாறியிருப்பார். புதியவர் நல்லவர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “ஆந்திரமா? இதை அமராவதிக்கு அனுப்பலாமே சார்” என்பார்.