முன்னிலை வகிப்போர்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கோடை முகாம் நடத்துவது பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை ஆலோசனைக் கூட்டம். வாசகர் வட்டத்தில் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் நானும் போயிருந்தேன். எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளை மே மாத வெயிலில் நூலகத்துக்குள் வரவழைப்பது எப்படி, உதவிக்கு வரும் கல்லூரித் தன்னார்வலர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் பேச்சு. எனக்குத் தோன்றிய சில யோசனைகளை இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் தொடக்க விழா அழைப்பிதழைப் பற்றி இரண்டு வார்த்தை.

தலைமையில் சிக்கலில்லை. தலைமை தாங்குவதற்கென்றே ஊருக்கு ஒருவர் பிறந்திருப்பார். முன்னிலையில்தான் தகராறு. முன்னிலை வகிப்பவர் பேசவேண்டாம், எழுந்து நிற்கவேண்டாம், நேரில் வரக்கூட வேண்டாம். பெயர் வந்தால் போதும். அதனாலேயே அத்தனை அடிதடி. ஆறு பேரோடு நிறுத்துவோம் என்றார் செயலாளர். நிறுத்தினால் மின்விசிறி உபயதாரர் கோபித்துக்கொள்வார். அவர் பெயர் மூன்று றெக்கையிலும் எழுதியிருப்பதால், சுற்றவிட்டால் படிக்க முடியாது என்று வாசகர்கள் வேர்த்துக் கிடக்கிறார்கள். அவரை வாழ்த்துரைக்கு மாற்றினார்கள். அங்கே ஏற்கெனவே பஸ் மாதிரி நிற்க இடமில்லாத கூட்டம்.

யாருக்குப் பிறகு யார்? வயதா, பதவியா? அகர வரிசையில் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். ‘அ’வில் தொடங்கும் பெயர்க்காரருக்கு முகம் மலர்ந்தது. ‘வே’க்காரர் இது திட்டமிட்ட சதி என்றார். சரி, முன்னெழுத்தை வைத்து வரிசைப்படுத்தலாம் என்று சமரசம் வந்தது. அப்பா பெயரைச் சொல்லி முன்னுக்கு வருகிறவன் நானில்லை என்று இன்னொருவர் கொள்கை பேசினார். அவர் அப்பா பெயர் வைத்தியநாதன்.

அடுத்து ஃபோட்டோ. தலைமைக்கு பாஸ்போர்ட் அளவு, முன்னிலைக்கு ஸ்டாம்ப் அளவு, வாழ்த்துரைக்குப் பெயர் மட்டும். வாழ்த்துரைக்காரர் ஒருவர் ஸ்டாம்ப் அளவு கேட்டு, உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த படத்தை நீட்டினார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் தோளும் பாதி மாலையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. மாலையை வெட்டவேண்டாம், அப்படியே போடுங்கள் என்றார்.

எனக்கு வழக்கம்போல நன்றியுரை. வருத்தமில்லை. பிளாஸ்டிக் சேர் அடுக்குகிற சத்தத்துக்கு நடுவே, வயரைச் சுருட்டியபடி மைக்செட்காரர் முறைத்துக்கொண்டிருக்க, காலி அரங்கத்துக்கு நன்றி சொல்வதும் ஒரு கலைதான். வருத்தமில்லை என்பதை இன்னொரு முறையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் சுவரிலிருந்து சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வாசகர் வட்டத்தின் நேரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். புத்தகம் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. படத்துக்குக் கீழேயிருந்த கண்ணாடி பீரோவுக்குப் பூட்டு. “தொறந்து விட்டா பசங்க கிழிச்சிருவாங்க சார்” என்றார்கள். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் பேரில், என் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி போகிறது. பூட்டு நல்ல கம்பெனிப் பூட்டு, குறை சொல்லக்கூடாது.

ஓரமாக நின்றிருந்த தன்னார்வலப் பெண் கையைத் தூக்கினாள். “சார், என்ன செய்யலாம்னு பசங்ககிட்டயே கேட்டுப் பார்க்கலாமா?”

“அருமையான யோசனைம்மா. அப்படியே உள்ளேயிருந்து நாலு சேர் எடுத்துட்டு வந்துடு” என்றார் செயலாளர்.

தொடக்க விழாவை வெள்ளிக்கிழமை வைக்கலாம், நல்ல நாள் என்றார் தலைமை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை என்று நூலகர் மெல்ல ஞாபகப்படுத்தினார்.

“அதுவும் நல்லதுதான். படிக்க வர்றவங்க தொந்தரவு இருக்காது.”

போட்டிகள் வேறு உண்டு. பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி: ‘செல்பேசியால் சீரழியும் இளைய தலைமுறை’. சீரழிகிறவர்களே எழுதித்தரவேண்டும். முதல் பரிசு, செயற்குழு உறுப்பினர் ஒருவரின் கவிதைத் தொகுப்பு. இரண்டாம் பரிசு, அதே தொகுப்பு இரண்டு பிரதி. அவர் வீட்டுப் பரண் காலியாகும் வரை எங்கள் ஊரில் இலக்கியத்துக்குக் குறைவில்லை.

நேற்று அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். பெயர்கள் போக, ‘மாணவர்களுக்கான நிகழ்ச்சிகள்’ என்ற தலைப்புக்குக் கீழே ஒற்றை வரிக்குத்தான் இடம். அதில் ‘மற்றும் பல’ என்று போட்டிருக்கிறார்கள். நன்றியுரையில் என் முன்னெழுத்து தப்பு. நின்று திருத்த வைத்தேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னதில் ‘மற்றும் பல’ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அடுத்த பக்கம் விளம்பரத்துக்கு விற்றாகிவிட்டது.