அடிஷனல் ஷீட்

தாம்பரம் ரயில் நிலையம், காலை நேரம். ஒயர் கூடையோடு ஓர் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். "தம்பி, இந்த வண்டி சைதாப்பேட்டையில நிக்குமா?"

ஒரே சொல்லில் முடிய வேண்டிய விஷயம். ஆனால் அவர் கேட்டது என்னிடம். "பொதுவா எல்லா லோக்கலும் நிக்கும்மா. செங்கல்பட்டுல இருந்து வர்ற ஃபாஸ்ட் வண்டிதான் சில ஸ்டேஷன்ல நிக்காது" என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டிருக்கலாம். இந்தத் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, நான் படிக்கிற காலத்தில் எல்லாம் மீட்டர் கேஜ்தான், 2004-இல்தான் அதற்கு விடை கொடுத்தார்கள் என்று நான் போய்க்கொண்டிருந்தபோது ஹார்ன் அடித்தது. வண்டி நகர்ந்தது. அம்மா வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இது நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்" என்றேன், கடைசிப் பெட்டியைப் பார்த்தபடி. நான் போக வேண்டிய வண்டியும் அதுதான்.

இந்த வியாதி எனக்குப் பள்ளிக்கூடத்தில் தொற்றியது. பரீட்சை ஹாலில் எவனாவது எழுந்து "சார், அடிஷனல் ஷீட்!" என்று குரல் கொடுத்தால் மற்றவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும். பேப்பர் திருத்துகிறவர் சாண் போட்டு அளந்துதான் மார்க் போடுவார் என்று எங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே தெரிந்ததை எழுதினோம். தெரியாததை இன்னும் விரிவாக எழுதினோம். அடிஷனல் ஷீட்டுகளை நூலால் கட்டும்போது கிடைத்த பெருமிதம், ரிசல்ட் வருகிறவரை நீடிக்கும்.

ஒருமுறை என் விடைத்தாளின் ஓரத்தில் தமிழய்யா சிவப்பு மையில் 'மற்றொன்று விரித்தல்' என்று எழுதியிருந்தார். பாராட்டு என்று நினைத்து வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். அப்பா மட்டும் சிரித்தார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் அதுவும் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் என்னைப் பார்த்திருக்கிறார். நூலுக்குரிய பத்து அழகுகளை அடுக்கும்போது அவர் முதலில் வைத்தது சுருங்கச் சொல்லல்.

ஆனால் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குற்றப் பட்டியலில் மிகைபடக் கூறலுக்கு முன்னால் நிற்பது குன்றக் கூறல். அழகுப் பட்டியலிலும் சுருங்கச் சொல்லலை ஒட்டியே விளங்க வைத்தல் வந்துவிடுகிறது. ஓர் அலுவலகத்தில் "சார் எப்ப வருவாரு?" என்று கேட்டேன். "வருவாரு" என்று பதில் வந்தது. மறுநாளும் கேட்டேன், அதே சுருக்கம், அதே அழகு. அந்த ஆளுக்கு என் வியாதியில் கால்வாசி இருந்திருந்தால் எனக்கு மூன்று நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

வீட்டில் இதற்குச் சட்டமே உண்டு. "பால் வாங்கியாச்சா?" என்று மனைவி கேட்டால் நான், "கடைக்குப் போனேனா, அங்க நம்ம பழைய வீட்டு ஓனர் நின்னுட்டிருந்தாரு..." என்பேன். இலக்கணத்தில் இதை இனமொழி விடை என்று சேர்க்கலாமா என்று பார்த்தேன். "ஆடுவாயா?" என்றால் "பாடுவேன்" என்பதுதான் இனமொழி. பாலுக்கு வீட்டு ஓனர் எந்த வகையில் இனம்? "மொதல்ல ஆமாவா இல்லையான்னு சொல்லுங்க. கதை அப்புறம்" என்பாள். ஆமா என்றால் நன்னூலாருக்கு அது நேர்விடை, இல்லை என்றால் மறைவிடை.

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளுக்கு மெயின்ஸில் பத்து மார்க் கேள்விக்கு 150 சொல்தான். பதினைந்து மார்க்குக்கு 250. "உங்களை உட்கார வச்சா முன்னுரையிலேயே மணி அடிச்சிடும்ப்பா" என்கிறாள்.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பதில் முதல் வாக்கியத்தில் இருக்கட்டும், காரணம் அடுத்ததில். கேட்டவரின் முகத்தைப் பார்க்காதீர்கள், அது மரியாதைக்குச் சிரிக்கும், காலைப் பாருங்கள். ஒரு கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டால் முற்றுப்புள்ளி வையுங்கள். "அந்தக் காலத்துல" என்று வாய் தொடங்கினால் தண்ணீர் குடியுங்கள். ஆனால் கேட்டவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அடிஷனல் ஷீட் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் தாம்பரத்தில் யார் கேட்டாலும், "நிக்கும், ஏறுங்க" என்று சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொள்கிறேன். சைதாப்பேட்டைக்கு முன்னால் எட்டு ஸ்டேஷன் இருக்கிறது. 1931-இல் ஆரம்பித்தால் கிண்டிக்குள் முடித்துவிடலாம்.