மஞ்சள் ஷாக்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் எங்கள் பிக்கப் காலியாகத் திரும்பும்போது குலுங்கியதால், அதற்கு ஷாக் அப்சார்பர் மாற்றப் போனேன். “ஆயிலா, கேஸாண்ணே?” என்றார் கடைத் தம்பி. கேஸ் என்றால் உள்ளே நைட்ரஜன். விடாமல் குலுங்கினாலும் எண்ணெய் நுரைக்காமல் அமுக்கி வைக்கும். விலையைக் கேட்டதும் எனக்கு நுரை தள்ளியது.

“இதைப் போட்டா இன்னும் அரை டன் ஏத்தலாமா?”

“பாரம் சுமக்கிறது ஸ்பிரிங் பிளேட்டுண்ணே. அது துள்ளுறதை அடக்குறதுதான் ஷாக்கு வேலை.”

தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மஞ்சள். வண்டிக்கு அடியில் படுத்தால் பளிச்சென்று தெரியும். யார் படுக்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

மாட்டி முடித்ததும் டிரைவர் மாரியண்ணன் பின்டயரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். “காலி வண்டிக்கு இம்புட்டுக் காத்து எதுக்குத் தம்பி? கொஞ்சம் குறைச்சிருந்தா அப்பவே குலுங்கியிருக்காதே.”