விலகல் விதி: தபால்தலையின் விலை குறித்த ஓர் ஆய்வு

தபால்தலையைப் பற்றி இதுவரை எழுதிய அறிஞர்கள் அதை முன்பக்கமாகவே பார்த்திருக்கிறார்கள். யாருடைய தலை, எந்த ஆண்டு, ஓரத்தில் எத்தனை பல் என்பதோடு அவர்களுடைய விசாரணை முடிந்துவிடுகிறது. பசையுள்ள பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர் இலர். அக்குறையைப் போக்க வந்த இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: ஸ்டாம்பு கடிதத்தை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவுக்கு அதன் மதிப்பு ஏறும். இதை இனி 'விலகல் விதி' என்க.

முதலில் கடிதத்தோடு ஒட்டி வாழும் ஏழை ஸ்டாம்பை எடுத்துக்கொள்வோம். 1990-களின் தொடக்கத்தில் சாதாரணக் கடிதத்துக்கு 1 ரூபாய். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அது ஐந்து மடங்காகி, 5 ரூபாயில் வந்து நின்றது. அப்போது "இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் மனுஷன் எப்படிக் கடிதாசி போடுவது?" என்று நாடே புலம்பியது. அதன்பின் டீ விலை எங்கே போனது என்பதை வாசகர் அறிவர். 20 கிராம் கடிதமோ அதே 5 ரூபாயில் பல்லாண்டு உட்கார்ந்துவிட்டது. ஏற்றினாலும் புலம்புவதற்கு இன்று ஆள் கிடைப்பது அரிது.

இனி விலகிய ஸ்டாம்புகள். 2011-இல் அஞ்சல் துறை 'மை ஸ்டாம்ப்' திட்டத்தைக் கொண்டுவந்தது. நம் முகத்தையே அச்சிட்டுத் தருவார்கள். 12 தலை கொண்ட தாள் 300 ரூபாய். ஒவ்வொன்றின் தபால் மதிப்பு 5 ரூபாய். அதாவது தபாலுக்கு 60, முகத்துக்கு 240. கல்யாணத்துக்கு இதை அடித்தவர்கள் பத்திரிகை உறையில் ஒட்டுவார்கள் என்று பார்த்தால், பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறார்கள். பத்திரிகை வாட்ஸ்அப்பில் போகிறது. இதில் தவறு காண்பதற்கில்லை. தன் மூக்கின் மேல் கறுப்பு மை முத்திரை ஓங்கி விழுவதை எந்த மாப்பிள்ளைதான் பொறுப்பார்?

மணத்துறையிலும் விதி பொய்க்கவில்லை. 2006-இல் சந்தன மணத்தோடு 15 ரூபாய் ஸ்டாம்பு வந்தது. அடுத்து ரோஜா, 2008-இல் மல்லிகை, 2017-இல் காபி. காபி ஸ்டாம்பின் விலை 100 ரூபாய்! அது கும்பகோணம் டிகிரி காபியின் மணந்தானா என்பதைத் தேய்த்துப் பார்த்தால் அறியலாம். தேய்த்தால் சேகரிப்பாளரிடம் விலைபோகாது. ஆகவே வழக்கு நிலுவையில் இருக்கிறது. 1854-இல் விக்டோரியா ராணியின் தலை தலைகீழாக அச்சான 4 அணா ஸ்டாம்போ இன்று லட்சங்களில் ஏலம் போகிறது. அதை உறையில் ஒட்டப்போகிறேன் என்று சொல்பவரை வீட்டார் தனியே வெளியே அனுப்பமாட்டார்கள்.

விதியின் ஆதிச் சான்று நம் வீட்டுத் தாத்தாக்களிடம் கிடைக்கிறது. வந்த கடிதத்தைப் படிக்குமுன் அவர்கள் உறையின் வலது மூலையைப் பார்ப்பார்கள். முத்திரை விழாமல் தப்பியிருந்தால், அந்த மூலையைக் கத்தரித்து டவரா தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். சற்று நேரத்தில் ஸ்டாம்பு தானாகச் சுருண்டு கழன்று வரும். அதை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகிவிடுவார்கள். இதை மறுபடி ஒட்டுவது குற்றம் என்கிறது சட்டம். சிக்கனம் என்றார்கள் தாத்தாக்கள். நமக்கு வேண்டியது தத்துவம் மட்டுமே: கடிதத்தோடு இருந்தவரை செல்லாக்காசு, பிரிந்ததும் முழு விலை.

இலக்கியச் சான்றும் உண்டு. பத்திரிகைக்குக் கதை அனுப்பிய தலைமுறை, போதிய ஸ்டாம்பு ஒட்டிய சுயவிலாச உறையையும் உள்ளே வைத்து அனுப்பும். அந்த ஸ்டாம்பு வீடு திரும்பினால் கதையும் கூடவே திரும்பிற்று என்று பொருள். திரும்பாத ஸ்டாம்பைப் போல் எழுத்தாளருக்கு இனித்தது வேறில்லை. (அப்படி இனிக்காமல் போனவர்களில் சிலர்தாம் பின்னாளில் ஆய்வுக் கட்டுரைக்குத் திரும்பினர்.)

அஞ்சலகக் கவுண்ட்டரில் இப்போது ஸ்டாம்பைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. விரைவுத் தபாலுக்குப் பார்கோடு ஸ்டிக்கர் போதும். 2025-இல் பதிவுத் தபாலும் அதோடு இணைந்துவிட்டது. பசைக் கிண்ணத்தில் குச்சி நட்டுக்கொண்டு நிற்கிறது.

விதிக்கு ஓர் ஆட்சேபம் எழும். ரெவின்யூ ஸ்டாம்பு பிறந்ததிலிருந்து கடிதத்தின் பக்கமே போனதில்லை. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போடுவதோடு அதன் வாழ்க்கை முடிகிறது. ஆயினும் விலை 1 ரூபாய்தானே என்பர். இவ்வாறு வாதிடுபவர் சம்பள வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்குப் பெட்டிக்கடைக்குப் போய் ஒன்று கேட்டுப் பார்க்கட்டும். கடைக்காரர் மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, "அஞ்சு ரூபா சார், சில்லறையா குடுங்க" என்பார்.