கரிக்குள் குடித்தனம்

கேள்வி: மண்ணில் பயோசார் கரியைப் போட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகுமா?

பதில்: தின்ன அதில் அதிகமில்லை, குடியிருக்கத்தான் இடம் ஏராளம்! காற்றைக் குறைத்துச் சுட்ட அந்தக் கரியின் நுண்துளைகளில் நீரும் சத்தும் தங்கும். பாக்டீரியாவும் பூஞ்சை இழைகளும் வாடகையில்லாமல் குடியேறும். அமில மண்ணின் புளிப்பும் தணியும்.

அமேசான் காட்டின் ‘டெர்ரா பிரேட்டா’ கருமண்ணே சாட்சி. ஐரோப்பியர் வருமுன்பே அங்கு வாழ்ந்த பழங்குடிகள் கரி, மீன்முள், குப்பையால் உருவாக்கியது. டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966-இல் தம் நூலில் அதைப் பற்றி எழுதினார். இன்றும் அது வளமான மண்தான்!

நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகளின் கதை வேறு. பாஸ்பரஸை விடுவிக்கும் பாஸ்படேஸ் சில மண்ணில் சுறுசுறுப்பாகிறது. பீட்டா-குளுக்கோசிடேஸ் என்ற இன்னொரு நொதி கரியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு மந்தமாகவும் கூடும். வெறும் கரி தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மட்கிய தொழுவுரத்தோடு கலந்து ஊறவைத்த பிறகே வயலில் இடவேண்டும்.