சுண்டைக்காயில் தொடங்கி...

(பேருந்து நிறுத்தம். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். அவருக்குத் தெரிந்த முத்தையா.)

சிஸ்டர்: என்னண்ணே, கத்திரி வெயில்ல மப்ளர்?

முத்தையா: சளி, சிஸ்டர்.

சிஸ்டர்: சளின்னா மூக்குல இருக்கணும். கழட்டுங்க... அடக் கடவுளே! கழுத்துல இந்தக் கட்டி எத்தனை நாளா?

முத்தையா: பொங்கலுக்குச் சுண்டைக்காய். மாசியில நெல்லிக்காய். இப்ப எலுமிச்சை இருக்குமா?

சிஸ்டர்: காய்கறிக் கடையிலதான் காட்டிட்டு இருந்தீங்களா?

முத்தையா: நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன். முடி வெட்டுற தம்பி, "நெறி கட்டியிருக்கு, தானா வத்திரும்"னான்.

சிஸ்டர்: தப்பில்லை. தொண்டைப்புண், சொத்தைப் பல், பேன் கடிச்சுச் சொறிஞ்ச தலைக்குக்கூட நெறி கட்டும். வலிக்கும். ரெண்டு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். மூணு வாரம் தாண்டினா டாக்டர்கிட்ட போகணும். உங்களுது பொங்கலையும் தாண்டி, சிவராத்திரியும் கண்டு...

முத்தையா: வலிக்கவே இல்லையே! அதானே நிம்மதி.

சிஸ்டர்: வலிக்கிற கட்டி கதவைத் தட்டிட்டு வர்ற விருந்தாளி. வலிக்காம, கல்லு மாதிரி, அசையாம வளருது பாருங்க, அது சொல்லாம வர்றது. அதுக்குத்தான் பயப்படணும்.

முத்தையா: மருந்துக்கடைப் பையன் அஞ்சு நாள் மாத்திரை குடுத்தான். அப்புறம் இன்னொரு அஞ்சு நாள். மச்சினன் போன்ல வந்துச்சுன்னு சுண்ணாம்பும் மஞ்சளும் பூசச் சொன்னான். ஜோசியர் ஆடி வரைக்கும் பொறுக்கச் சொல்றார்.

சிஸ்டர்: ஆடிக்குள்ள பூசணிக்காய் ஆயிடும். அந்தக் காலத்துல இங்கிலாந்துல கழுத்து நெறி வீங்குற கண்டமாலைக்கு ராஜா தொட்டாப் போதும்னு வரிசையில நின்னாங்க. 1712-ல ராணி ஆன் ஒரு குழந்தையைத் தொட்டாங்க. பின்னாடி அகராதி எழுதின ஜான்சன்தான் அது. தழும்பு சாகற வரைக்கும் போகல. அவங்களுக்காவது ராணி. உங்களுக்கு மச்சினன்.

முத்தையா: கண்டமாலையா? அப்ப டிபியா? மெதுவா பேசுங்க! ஆனியில பொண்ணு பாக்க வர்றாங்க.

சிஸ்டர்: அப்பன் கழுத்தையா பாக்க வர்றாங்க? நெறியில வர்ற டிபின்னா ஆறு மாச மாத்திரை, அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாம. நுரையீரல்ல இல்லேன்னா பெரும்பாலும் அடுத்தவங்களுக்கு ஒட்டவும் ஒட்டாது. இதுக்கா மப்ளர்? முப்பது வருஷம் வார்டுல நின்னவ நான். பூசிப் பூசிப் புண்ணாகி, துணி ஒட்டிக்கிட்டு வந்த கழுத்தை இந்தக் கையாலதான் துடைச்சேன். யோசனை சொன்ன அந்த நாலு பேர்ல ஒருத்தன்கூட வார்டு வாசல்ல வந்து நின்னதில்லை!

முத்தையா: கோவப்படாதீங்க. கட்டியில ஊசி குத்திச் சோதிச்சாப் பரவிடும்னு...

சிஸ்டர்: இது அஞ்சாவது ஆளா? மெல்லிசு ஊசி. ரெண்டு சொட்டு உறிஞ்சி கண்ணாடிச் சில்லுல தடவிப் பாப்பாங்க. கொசுக்கடிக்கு ரெண்டு மடங்குன்னு வச்சுக்குங்க. பரவுறதெல்லாம் நீங்க ஆடிக்குக் காத்திருந்தாத்தான். சரி, எச்சிலை முழுங்குங்க. தைராய்டுக் கட்டின்னா கூடவே மேல ஏறி இறங்கும்.

முத்தையா: முழுங்க முடியாது சிஸ்டர். வாயில வெத்தலை.

சிஸ்டர்: புகையிலையுமா?

முத்தையா: துளியூண்டு.

சிஸ்டர்: எத்தனை வருஷமா?

முத்தையா: இருபத்தஞ்சு இருக்கும்.

சிஸ்டர்: துப்பிட்டு வாயைத் திறங்க. நாக்கை நீட்டுங்க. அப்படியே வலது பக்கம் தள்ளுங்க.

முத்தையா: ... என்ன சிஸ்டர், பேச்சையே காணோம்? ஓரத்துல இருக்கற அந்தப் புண்ணா? அதுவும் வலிக்கவே இல்லை.

சிஸ்டர்: பஸ் வருது. ஏறுங்க.

முத்தையா: இது பெரியாஸ்பத்திரி பஸ்ஸுல்ல? நான் உழவர் சந்தைக்குப் போகணும்.

சிஸ்டர்: ஏறுங்கண்ணே. டிக்கெட் நான் எடுக்கறேன்.