குடைமிளகாய் ஈரம்: சீன வதக்கலியல் குறித்த ஓர் ஆய்வுரை

இறைச்சியையும் காயையும் ஒரே சட்டியில், பெருந்தீயில், சில நிமிடங்களுக்குள் வதக்கி இறக்கும் சீன முறைக்குச் ‘சாவ்’ என்று பெயர். இதன் இலக்கணம் கருவி, கறி, அளவு, ஈரம், வீச்சு என ஐந்து அதிகாரங்களாக வகுக்கப்படும். சுவையை ஆறாவதாகச் சேர்ப்பாரும் உளர்; ஆய்வுலகம் அதை இன்னும் ஏற்கவில்லை. சீன வீடுகளில் அன்றாடம் சமைக்கப்படும் குடைமிளகாய்–பன்றிக்கறி வதக்கலே இங்கு எடுத்துக்காட்டு.

கருவி: இரும்புச் சீனச்சட்டி, அகலக் கத்தி, நீண்ட கரண்டி. இதில் சர்ச்சை இல்லாததால் ஆராய்ச்சியும் இல்லை.

கறியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, சோயா சாஸ், ஷாவோஷிங் அரிசி மது, சோளமாவு, சிறிது எண்ணெய் பிசறிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். மாவுப் பூச்சு சாறு வெளியேறுவதைக் குறைத்துக் கறியை மென்மையாக வைக்கிறது. பூச்சு வேண்டியதில்லை என வாதிடுவோர் சமைத்த கறியை மென்றவர் எவரும் அவ்வாதத்தை வழிமொழிந்ததில்லை.

அளவதிகாரத்துக்கு மூலநூல் உண்டு. சிங் அரசமரபுக் காலக் கவிஞர் யுவான் மெய் 1792-இல் வெளியிட்ட சமையல் நூலில், வதக்கலுக்கு அரை ஜின்னுக்கு, அதாவது ஏறக்குறைய 300 கிராமுக்கு, மேல் கறி கூடாது என விதித்தார். மிகுந்தால் தீ உள்ளே ஏறாது. வயிறு நிறையாவிட்டால் என்ன செய்வது என்ற ஐயத்தையும் அவரே எழுப்பி, உண்டு முடித்தபின் இன்னொரு முறை வதக்கலாம் என்று விடையும் தந்துவிட்டார். மறுக்க ஏதும் மிச்சம் வைக்காத நூல் என்பதால் அறிஞர் இதை அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

இனி ஈரம். கழுவிய குடைமிளகாயில் ஒட்டியிருக்கும் நீர் ஒரு கிராம் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பத்தைச் சட்டியிடமிருந்து பறிக்கிறது. நீர் உள்ளவரை காயின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. மணமும் செந்நிறமும் தரும் மயார் வினையோ 140 பாகையை ஒட்டித்தான் விறுவிறுப்படையும். ஆகவே ஈரக்காய் வதங்காது, வேகும். இந்த எளிய உண்மையிலிருந்து மூன்று மரபுகள் கிளைத்தன: உதறல், ஒற்றல், காத்திருத்தல். உதறல் மரபின் முதல் உரைகாரர் மூன்று உதறல் போதும் என்றார். இரண்டாமவர், மூன்று என்பது பன்மைக் குறிப்பே எனக் கொண்டு நானூறு பக்கம் எழுதினார். மூன்றாமவரின் உரை கிடைக்கவில்லை. அதை மறுத்த ஐந்து நூல்களும், அம்மறுப்புகளுக்குப் பாராட்டு விழா எடுத்த மலரும் கிடைத்துள்ளன. துணியால் ஒற்றுவதே முறை என்னும் மரபினர், துணி ஈரமா உலர்ந்ததா என்பதில் வடகலை, தென்கலை எனப் பிரிந்தனர். காத்திருத்தல் மரபினர் காயைக் கூடையில் வடியவிட்டு வேறு வேலை பார்த்தனர். அவர்கள் காய் உலர்ந்தது, ஆனால் கட்டுரை எதுவும் வெளியிடாததால் மரபாக அங்கீகாரம் பெறவில்லை.

வீச்சு, அதாவது சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் இருவர், சோறு வறுக்கும் சமையற்காரர்களைப் படம் பிடித்து, ஒரு வீச்சுக்கு நொடியில் மூன்றிலொரு பங்கு ஆகிறது என 2020-இல் கணித்தனர். சமையற்காரர்களின் தோள்வலியில் தொடங்கிய ஆய்வு சமன்பாடுகளில் முடிந்தது, தோள்வலி தொடர்கிறது. வீட்டு அடுப்பின் தீ உணவக அடுப்பின் தீயைவிடப் பன்மடங்கு குறைவு. சட்டி அடுப்பைவிட்டு எழுந்தால் சூடு போய்விடும் என்பதால் வீட்டில் வீச்சு விலக்கப்பட்டது.

செய்முறை: சட்டி புகையும்வரை காய்ந்ததும் எண்ணெய் விட்டு, கறியைப் பரப்பி, அரை நிமிடம் தொடாமல் விட்டுப் பிறகு கிளற வேண்டும். முக்கால் பதம் வெந்ததும் எடுத்து வைத்து, இஞ்சி, பூண்டு, குடைமிளகாய் எனப் போட்டு வதக்கி, கறியை மீண்டும் சேர்த்து, விளிம்போரமாகச் சோயா சாஸ் ஊற்றிப் புரட்டி இறக்க வேண்டும். சுடுசோற்றுடன் உடனே உண்ணத் தக்கது. மேற்கோள் சரிபார்த்துவிட்டு வருவோருக்கு மிச்சம் வைக்கலாம் என்றால், அரை ஜின்னில் மிச்சம் விழுவதில்லை.